பாவித்த கணினி வாங்கும் சனத்துக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு எங்கள் களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கத்தில் பழைய கணினியைத் திருத்தக் கொண்டுபோகிற சனத்துக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "இது இனிச் சரிவராது, புதுசு எடுங்க." என்னுடைய கணினிக்கும் ஒரு கடையில் அதையேதான் சொன்னார்கள். அந்தக் கணினி இன்றைக்கும் என் வீட்டு மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தக் கடிதத்தையும் அதிலேதான் தட்டச்சு செய்கிறேன். இதைப் பற்றி நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், இடமிருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

திருத்தம் நின்றுபோனால் கணினியும் நின்றுபோய்விடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பொத்தானை அமத்தினால் அது முந்திய மாதிரியே எழும்பும், கடிதம் அடிக்கும், கணக்குப் போடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கத்தான் ஆளில்லை, ஆகவே வங்கி வேலையை அதில் செய்வது நாளாக ஆக ஆபத்து. அதற்குக்கூட 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் ஒரு நீடிப்பு வைத்திருக்கிறார்கள், மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்றால் உள்நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்க விட்டால் காசில்லாமலே பதிந்துகொள்ளலாம். இதை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லவில்லை. விண்டோஸ் 11 பழைய கணினிகளை ஏற்காது என்பது உண்மைதான், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன சிப்பும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் கேட்கிறது. ஆனால் ஒரு மென்பொருள் ஏற்கவில்லை என்பதற்காக நல்லாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பையில் போடச் சொல்வதா?

எங்கள் பக்கத்துச் சனம் ஏன் பாவித்ததை வாங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா, மே மாதம் வரும்போது 360 ரூபா. கணினி என்பது டொலர் கொடுத்து இறக்குகிற சாமான். புதியது வாங்கலாம் என்று அதுவரை சீட்டுப் பிடித்துச் சேர்த்தவர்களுக்கு அந்தக் காசு பாதிக் கணினிக்குத்தான் போதும் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னமே, 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது, பிள்ளைகள் போனில் பாடம் படித்து அதன் சின்னத் திரையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். என் மகள் சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுத்தவள். பாஸ்கல் மொழியில் நிரல் எழுத வேண்டும், அட்டவணைச் செயலியில் கணக்குப் போட வேண்டும், அதையெல்லாம் கொப்பியில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் ஒரு கணினிக்கு முன்னால் மூன்று நாலு பிள்ளைகள், அதில் கெட்டிக்காரப் பிள்ளைதான் விசைப்பலகையைப் பிடித்திருக்கும். நான் வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள், சீருடைக் காலத்தில் வந்த காசில்தான் பாவித்த கணினி ஒன்றை எடுத்தேன்.

கடையில் தருவது என்ன? ஒரு சிபியுப் பெட்டி, ஒரு திரை, விசைப்பலகை, மவுஸ், பை நிறைய வயர். கடைக்காரர் மேசையில் வைத்து எழுப்பிக் காட்டுவார், பிறகு எல்லாவற்றையும் கழற்றித் தந்துவிடுவார், வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எந்த வயர் எங்கே என்று தெரியாது. எங்கள் ஊர்களில் கணினி வகுப்புக்குக் குறைவே இல்லை, சுவர் சுவராக விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள், வேர்டும் எக்செல்லும் படிப்பித்துச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். ஆனால் வகுப்புக்குள் போகும்போது கணினி ஏற்கெனவே பூட்டி, எழுப்பி, தயாராக இருக்கும். மேசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எழும்பாவிட்டால் என்ன செய்வது, உள்ளே தூசு பிடித்தால் எப்படித் துடைப்பது, இதெல்லாம் எந்த வகுப்பிலும் இல்லை. சான்றிதழோடு வீட்டுக்கு வரும் பிள்ளையும் கணினி எழும்பாத அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குத்தான் போகிறது. என் முறைப்பாடு இதுதான் ஆசிரியரே: புதிய கணினி வாங்கினால் உத்தரவாத அட்டை இருக்கிறது, கூப்பிட்டால் ஆள் வரும், பாவித்த கணினி வாங்குகிறவனுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அவனுக்குத்தான் ஒன்றும் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

எனக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம். பக்கத்து வளவுத் தம்பி ஒருவன் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். வந்தவன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "மாமி, நான் தொட மாட்டன், நீங்களே பூட்டுங்க, பிழைச்சா நான் சொல்றன்" என்றான். அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவன் பூட்டித் தந்திருந்தால் அடுத்த முறையும் அவனைத்தான் தேடியிருப்பேன். அவன் சொன்னதும் பிறகு நானாகத் தேடிப் படித்ததும் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. அதில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன், பத்திரிகையை வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் கரண்ட். எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். பாவித்த சிபியுக்கள் பல வெளிநாட்டில் பாவித்துக் கழித்துக் கப்பலில் வருபவை. யப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. பழைய பவர் சப்ளைகளின் பின்பக்கத்தில், கரண்ட் வயர் குத்துகிற இடத்துக்குக் கிட்ட, சின்னச் சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதில் 115 அல்லது 230 என்ற இலக்கம் தெரியும். 115இல் இருக்கும்போது எங்கள் வீட்டுப் பிளக்கில் குத்திப் போட்டால் பவர் சப்ளை வெடித்துப் புகைந்துவிடும், சில நேரம் எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கிற மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆகவே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பார்க்க வேண்டிய முதல் இடம் அது. ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரால் தள்ளி 230இல் வைத்துவிட்டுப் பிறகு குத்துங்கள். சுவிட்சே இல்லாமல் 100–240 என்று அச்சடித்திருந்தால் பயமில்லை, அது எந்த வோல்ட்டுக்கும் தானே ஒத்துப்போகும்.

கரண்ட் பற்றி இன்னொன்றும் உண்டு, எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இது நிறைய. சிபியுப் பெட்டியின் இரும்பில் கை பட்டால் விறுவிறு என்று இருக்கிறது, கணினி பழுது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் கணினியில் பிழை இருக்காது, வீட்டுப் பிளக்கில் ஏர்த் இருக்காது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டருக்குள் சொருகிப் பாவிப்பதும் அதே பிழைதான். கணினியைத் திருத்துவதை விட்டுவிட்டு வயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டு ஏர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப் போடவே கூடாது. இடி மின்னல் காலத்தில், சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் எங்கள் பக்கத்தில் எப்படி இடிக்கும் என்று தெரியும்தானே, பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ரௌட்டருக்கு வருகிற டெலிபோன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். பலர் கரண்டை மட்டும் கழற்றிவிட்டு அந்த வயரை மறந்துவிடுகிறார்கள், மின்னல் அந்த வழியாலும் வரும்.

பூட்டுவது உண்மையில் லேசு, ஏனென்றால் பிழையான துவாரத்துக்குள் வயர் போகாத மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். போகாவிட்டால் பலவந்தம் பண்ணாதீர்கள், திருப்பிப் பாருங்கள், அவ்வளவுதான். திரைக்குப் போகிற நீலத் தலையுள்ள விஜிஏ வயரில் மெல்லிய முள்கள் இருக்கும், ஒன்று வளைந்தாலும் நிறம் மாறித் தெரியும். பெட்டிக்குள் தனியான கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் திரை வயரை அதிலேதான் குத்த வேண்டும், மேலே மதர்போர்டில் இருக்கிற துவாரத்தில் குத்தினால் திரை கறுப்பாகவே கிடக்கலாம். கணினி ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் காரணம்.

எழும்பாமல் பீப் பீப் என்று கத்தினால் பெரும்பாலும் ரேம் என்ற நினைவகப் பலகைதான் காரணம். கரண்டைக் கழற்றி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பில் இருக்கிற நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ரேமை எடுத்து அதன் பொன்னிறக் கரையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கக் கொளுக்கியும் டக் என்று பூட்டும்வரை அமத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். கடல் கிட்ட இருக்கிற எங்கள் ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடாது, ஆகவே இந்த வேலை கடலுக்குத் தூரமான ஊர்களை விட எங்களுக்கு அடிக்கடி வரும். மாரி காலத்தில் கணினியை நாள் கணக்காக மூடி வைக்காதீர்கள், கொஞ்ச நேரமாவது ஓட விட்டால் அந்தச் சூட்டுக்கு உள்ளே ஈரம் தங்காது.

அடுத்தது திகதி. இது ஒரு பெரிய தலையிடியாகத் தெரியும், ஆனால் ஒரு நாணயமளவு பட்டரிதான் காரணம். பழைய கணினியை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் திகதி பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கும், இணையத்துக்குள் போனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த இணைப்புப் பாதுகாப்பானதல்ல என்று திரை எச்சரிக்கும், சனம் வைரஸ் என்று பயந்துவிடும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு, கணினி தன்னைப் பழைய ஆண்டில் இருப்பதாக நினைத்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. மதர்போர்டில் வெள்ளிக் காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டரியை மாற்றினால் சரி. மணிக்கூடு திருத்துகிற கடையிலேயே கிடைக்கும், சில நூறு ரூபாவோடு முடிகிற காரியம். இதற்காக விண்டோஸை முழுக்க அழித்துத் திரும்பப் போட்டுக் கூலி வாங்கிய கடையையும் நான் அறிவேன்.

ஆனால் காசு செலவழிக்க வேண்டிய ஒரே ஒரு இடம் உண்டென்றால் அது ஹார்ட் டிஸ்க். பழைய கணினி ஆமை வேகத்தில் போவதற்குப் பெரும்பாலும் சிப் காரணமில்லை, உள்ளே சுற்றுகிற தட்டுத்தான் காரணம். அதைக் கழற்றிவிட்டு, சுற்றுகிற தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் ஒன்றைப் போட்டால், எழும்பத் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிற அளவு நேரம் எடுத்த கணினி அரை நிமிடத்துக்குள் எழும்பும். 240 ஜிபி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ரேம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள், ஆனால் வாங்கப் போகுமுன் டிடிஆர்3ஆ டிடிஆர்4ஆ என்று பார்த்துக்கொண்டு போங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது பூட்டாது. பழைய தட்டை எறியாதீர்கள், வெளியில் ஒரு உறை போட்டால் குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது, இதில்தான் எங்கள் சனம் அதிகம் ஏமாறுகிறது. ஐ5, ஐ7 என்று ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்து விலை பேசாதீர்கள். அதற்குப் பின்னால் வருகிற இலக்கத்தின் முதல் எண்தான் பெரும்பாலும் தலைமுறை, இலக்கம் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ3-8100 என்றால் எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது, பெயரில் சின்னதாக இருந்தாலும் பழைய ஐ5ஐ விட நல்லது, விண்டோஸ் 11உம் ஏற்கும். கடைக்காரர் "ஐ5 மெஷின்" என்று மட்டும் சொன்னால் முழு இலக்கத்தையும் கேளுங்கள், திரையில் காட்டச் சொல்லுங்கள், முழு இலக்கத்தைக் காட்டத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். மடிக்கணினி என்றால் பட்டரி வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், மவுஸ் தடவுகிற இடம் மேலே எழும்பியிருந்தால் அடியில் பட்டரி ஊதியிருக்கிறது என்று அர்த்தம், அதைக் குத்தவோ அமத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். எழுப்பும்போது பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் ஏதும் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

இனி விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளின் கதை. இவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது, காசு இல்லை, திருட்டுப் பிரதியும் இல்லை. பாவித்த கணினிகளில் பலவற்றில் போட்டுத் தருவது உரிமம் இல்லாத விண்டோஸ்தான், அதை ஓட வைக்கிற குறுக்கு வழி மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வருவதுண்டு. நான் பாவிப்பது லினக்ஸ் மிண்ட், அதில் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான பதிப்பு, 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 இருந்தால் வசதி. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், போடுமுன்னமே பரீட்சித்துப் பார்க்கலாம். 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றில் எழுதி, கணினியை எழுப்பும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12ஐயும், எச்பி என்றால் எஃப்9ஐயும் அமத்தி, பென்ட்ரைவைத் தெரிவு செய்தால், உள்ளே இருக்கிற எதையும் தொடாமல் முழுக் கணினியும் அந்தப் பென்ட்ரைவிலிருந்தே ஓடும். வைஃபை வேலை செய்கிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரின்டர் ஒத்துவருகிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பிரின்டரைக் கட்டாயம் பாருங்கள், சில பழைய லேசர் பிரின்டர்கள் லினக்ஸில் பெரிய கரைச்சல் கொடுக்கும். ஃபோட்டோஷொப்பில்தான் பிழைப்பு என்கிறவர்களுக்கும் இது சரிவராது. மற்றபடி கடிதம், கணக்கு, இணையம், வீடியோ, பாஸ்கல், உயர்தரப் பிள்ளைகளுக்கு வேண்டிய பைதன், எல்லாம் இதில் உண்டு.

தமிழைப் பற்றி எழுதாமல் விட முடியாது. எங்கள் நாட்டில் இன்னும் எத்தனையோ வினாத்தாள்கள், அழைப்பிதழ்கள், சங்கக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படுகின்றன. பாமினி இல்லாத கணினியில் அதைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும், பழைய கணினி தமிழை வாசிக்காது என்று அதற்கும் கணினியைத்தான் பழி சொல்கிறார்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) அடித்தால் எந்தக் கணினியிலும் எந்தப் போனிலும் ஒரே மாதிரித் தெரியும், தேடினால் அகப்படும். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையும் எங்கள் நாட்டு இறெங்கநாதன் விசைப்பலகையும் இரண்டுமே கிடைக்கும், பாமினியில் பழகிய விரலுக்கு இறெங்கநாதன் அவ்வளவு அந்நியமாக இருக்காது. லிப்ரே ஒஃபிஸில் பட்டிகளைக்கூடத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அச்செடுக்கக் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோகுமுன் அதிலேயே ஒரு பொத்தானில் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள், எழுத்து உடையாது, உங்கள் பென்ட்ரைவில் வைரஸ் ஏறினாலும் லினக்ஸ் கணினிக்கு விண்டோஸ் வைரஸால் பயமில்லை. சீருடைக் கணக்கையும் அளவுகளையும் நான் இப்போது இதிலேதான் வைத்திருக்கிறேன், பெயரைத் தட்டினால் போன வருட அளவு வருகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் சிக்னல் இல்லை, டேட்டாவுக்குக் காசில்லை, கணினியை வைத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் முதலில் போனிலிருந்து எடுக்கிற இணைப்பை அளவிடப்படும் இணைப்பு என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் போனிலிருந்து எடுத்த டேட்டா முழுவதையும் இரவோடு இரவாகப் புதுப்பிப்பே தின்றுவிடும். அப்புறம், இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையமே தேவைப்படாத பொருட்கள் எவ்வளவோ உண்டு. கிவிக்ஸ் என்ற மென்பொருளில், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு பென்ட்ரைவில் போட்டு வைக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் 2005இலிருந்து சேர்ந்துகொண்டே வருகின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகொம்பிரிஸ் என்று ஒரு விளையாட்டுத் தொகுதி உண்டு, எண்ணவும் விசைப்பலகை பழகவும் நல்லது. இவற்றில் எதற்கும் புதிய கணினி தேவையில்லை.

குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் போகிற படகுப் பாதையில், சிபியுவைப் படுக்கை விரிப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். படகு, பிறகு பஸ், பிறகு கடை, கடையில் "நாளைக்கு வாங்க." அடுத்த நாளும் அதே பயணம். அவர்களில் ஒரு பிள்ளை என்னிடம் வந்தபோது பெட்டியைத் திறக்கவே பயந்தாள், "கை வச்சா பழுதாப் போயிடும் அக்கா" என்றாள். தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் விட்டு ஊசியும் பட்டியும் மாற்றுகிற கை அவளுடையது. கணினியை மட்டும் தொடக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், வீட்டு ஆண்களும் சொல்லியிருக்கலாம், கடைக்காரர்களும் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது ரேமைத் துடைத்துப் போடுவதுதான், அவளே செய்தாள், திரை எழும்பியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்கிறேன். எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பொது நூலகம் இருக்கிறது, சனசமூக நிலையம் இருக்கிறது, பின்னேரத்தில் பல கட்டிடங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. கிழமையில் ஒரு பின்னேரம் அங்கே ஒரு நீள மேசை, நாலு பிளக் பொயின்ட், ஒழுங்கான ஏர்த், ஒரு பழைய திரை, சில ஸ்குரூ டிரைவர்கள், இவ்வளவு இருந்தால் போதும். கணினி பழுதானவர்கள் தங்கள் கணினியைக் கொண்டு வரட்டும், தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் கை வைப்பது கணினிக்குச் சொந்தக்காரராக இருக்கட்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இரண்டு பல்கலைக்கழகங்கள் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன, அங்கே கணினி படிக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இதற்கு நேரம் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன், யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. பிரதேச சபைகள் கதவைத் திறந்து விட்டால் மட்டும் போதும்.

அலுவலகங்களையும் கேட்கிறேன். கழித்து ஒதுக்கிய கணினிகள் பின் விறாந்தையில் மழைத் தூவானத்தில் அடுக்கிக் கிடப்பதை நாங்கள் அலுவலாக வரும்போதெல்லாம் பார்க்கிறோம். அதற்கு விதிமுறை இருக்கும், ஏலம் இருக்கும், தெரியும். அந்த விதிமுறையை இன்னும் கொஞ்சம் கெதியாக நடத்துங்கள், இரண்டு மாரி நனைந்த பிறகு ஏலத்துக்கு விட்டால் இரும்புக்காரனைத் தவிர யாருக்கும் பிரயோசனமில்லை. தகவல் வெளியே போய்விடும் என்ற பயம் நியாயம், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தாலும் போதும், எஸ்எஸ்டி ஒன்றைச் சனமே போட்டுக்கொள்ளும்.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது ஒரு சின்ன இடம். வாரப் பதிப்பில் சோதிடத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதில் கால் பங்கு போதும். ஒரு கிழமைக்கு ஒரு விஷயம், படத்தோடு, எங்கள் பேச்சுத் தமிழுக்குக் கிட்டவான தமிழில்: இந்தக் கிழமை சிவப்புச் சுவிட்ச், அடுத்த கிழமை நாணயப் பட்டரி, அதற்கடுத்தது ரேம். வாசகர்கள் தங்கள் கணினியின் பிரச்சினையை எழுதிக் கேட்கட்டும், தெரிந்த வாசகர்களே பதில் எழுதட்டும். இணையத்தில் தேடலாமே என்று சொல்வார்கள், கணினி எழும்பாதவன் எதில் தேடுவது? போனில் தேடினாலும் வருவது பெரும்பாலும் ஆங்கிலம், அல்லது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வேகமாகப் பேசுகிற வீடியோ, அதைப் பார்த்து முடிக்க டேட்டா வேண்டும். பேப்பர் என்றால் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கையில் ஸ்குரூ டிரைவரோடு வரி வரியாகப் பார்க்கலாம்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் அப்படி ஒரு மேசை போட யாராவது முன்வந்தால், தையல் வேலை இல்லாத சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் வருகிறேன். ஸ்குரூ டிரைவரும், அழிறப்பரும், லினக்ஸ் எழுதிய பென்ட்ரைவும் என்னிடம் இருக்கின்றன. பக்கத்து வளவுத் தம்பியும் விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். விருப்பமுள்ளவர்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் எனக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் ஒரு தாய்,
களுவாஞ்சிகுடி.